பாறைக்குக் கீழே நின்றவர்

பெற்ற பிள்ளை மேலிருந்து விழுவதைப் பார்க்கும் ஒருவரின் கால்கள் ஏன் பின்னால் போக வேண்டும்?

இதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களாக இருப்பீர்கள். அதனால்தான் வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஆறு. ஆவடியில், அப்பா வேலை பார்த்த பாதுகாப்புத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். எதிர்வீட்டு மாமா மட்டும் பட்டாபிராமிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா மெஷின் ஷாப்பில் இருந்தார், மாமா கேன்டீனில். சங்கு ஊதியதும் இருவரும் ஒன்றாகத்தான் சைக்கிளில் கிளம்புவார்கள். மாலையில் அப்பாவின் கையில் மெஷினில் ஊற்றும் வெட்டெண்ணெய் வாசனை, மாமாவின் கையில் வடை வாசனை. நானும் தம்பியும் மாமாவிடம்தான் முதலில் ஓடுவோம்.

அந்த வருடம் தொழிற்சாலைக்குப் புதிதாக ஓர் இளம் ஆபீசர் வந்திருந்தார். வடக்கே எங்கேயோ மலையேற்றம் படித்தவர். பெரிய மலை எல்லாம் வேண்டாம், கயிறும் வேண்டாம், இரண்டு ஆள் உயரப் பாறை போதும், கீழே ஒரு மெத்தையும் நம்பிக்கையான ஓர் ஆளும் இருந்தால் குடும்பத்தோடு ஏறலாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சில மாதங்களில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். அப்பா விடவில்லை.

குவார்ட்டர்ஸின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பூசாத கருங்கல் சுவர் ஒன்று இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, அம்மா கண்ணயர்ந்த பிறகு அப்பா எங்களை அங்கே கூட்டிப்போவார். இடித்துச் சலித்த சாக்பீஸ் பவுடரை ஒரு பழைய பால்மாவு டப்பாவில் வைத்திருந்தார். வேர்வையில் கை வழுக்காமல் இருக்க அதை உள்ளங்கையில் தேய்த்துவிடுவார். வெயிலில் சூடேறிய கல்லின் மேல் விரல் பதியும்போது ஒரு சுரீர். பிறகு அந்தச் சூடே பிடித்துப்போகும்.

மேலே போனதும் குதிக்க வேண்டும். அதுதான் எங்களுக்கு விளையாட்டு.

"ரெடியா? ஒண்ணு... ரெண்டு... குதிட்டி!"

நான் குதிப்பேன். அப்பா பிடிப்பார். ஒருமுறைகூட விட்டதில்லை. இரண்டு உள்ளங்கைகளும் என் விலாவில் வந்து பொருந்தும்போது எனக்கு உடம்பே இல்லாதது மாதிரி இருக்கும். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் அப்பாவுக்குப் பிடிக்கத் தெரியும்.

அம்மாவுக்கு இதெல்லாம் ஆகாது. "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இந்தக் கொரங்குச் சேட்டை? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

"நான் சொல்லுதேன்" என்பார் அப்பா.

மாமா சிரிப்பார். "வுடுக்கா. பாறைல ஏறுனா இன்னா, பூமி பொளந்துடுமா? அண்ணாத்தே கீழ கீறாரு இல்ல."

கிறிஸ்மஸ் முடிந்து பொங்கலுக்கு முந்தின இரண்டாம் சனிக்கிழமை உண்மையான பாறைக்குப் போவது என்று முடிவாயிற்று. திருத்தணி வரைக்கும் ரயில். அங்கிருந்து பள்ளிப்பட்டுப் பக்கம் போகும் பஸ். ஆபீசர் காட்டிக்கொடுத்த இடம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. மாமாவும் கூட வந்தார். நீலக்கோடு போட்ட இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி, பழைய சைக்கிள் ட்யூபால் கட்டி, மாமா தலையில் வைத்துக்கொண்டு ரயிலில் ஏறியபோது பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் வழிவிட்டார்கள்.

"யாருக்குப்பா சீரு?" என்று ஒருவர் கேட்டார்.

"பாறைக்கு" என்றார் மாமா. "அது ரொம்ப நாளா கட்டாந்தரைல படுத்துக்கினு கீது, பாவம்."

பெட்டி முழுக்கச் சிரித்தது. அம்மாகூடச் சிரித்தாள். முறுக்கு டின்னைத் திறந்து அப்பாவுக்கு ஒன்று எடுத்துக்கொடுத்தாள். அப்படி அவள் தானாகவே அப்பாவிடம் எதையாவது நீட்டியதை அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. அது நான் பின்னால் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

பஸ்ஸிலிருந்து இறங்கி மாந்தோப்பு ஓரமாக நடந்தால் அந்த இடம். சிறிதும் பெரிதுமாகப் பாறைகள். நாங்கள் ஏற வேண்டியது கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி ஒன்று. முந்தின மாத மழையில் படர்ந்த பாசி அதன் மேல் கறுப்புக் கோடுகளாகக் காய்ந்திருந்தது. அப்பா சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். மெத்தையை விரித்து, கற்களைப் பொறுக்கி எறிந்து, அதன் மேல் தானே நாலைந்து தடவை விழுந்து பார்த்தார். அவர் எதையும் சோதிக்காமல் விடமாட்டார்.

முதலில் அப்பா ஏறிக் காட்டினார். பிறகு தம்பியைப் பாதி தூரம் ஏற்றி, கையில் வாங்கி இறக்கினார். தம்பிக்கு அதற்குள் ஓர் ஓணான் கண்ணில் பட்டுவிட்டது. மாமாவை இழுத்துக்கொண்டு புதருக்குப் போய்விட்டான். அம்மா நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுட்டி. கீழ நான் நிக்கேன்லா."

நான் ஏறினேன். சுவரைவிட இது எளிதாகத்தான் இருந்தது. கல்லின் சொரசொரப்பு பாதத்தைப் பிடித்துக்கொண்டது. பாதியைத் தாண்டினேன். மேல் விளிம்புக்கு ஒரு கை தூரம் இருக்கும்போது, வலது கைக்கு வசமாக ஒரு மெல்லிய கல் செதில் கிடைத்தது. முழு எடையையும் அதில் கொடுத்தேன். அது பிஸ்கட் மாதிரி கையோடு வந்துவிட்டது.

ஒன்று, இரண்டு எண்ண நேரமில்லை. நான் கூப்பிடவும் இல்லை. பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டே விழுந்தேன். அதனால்தான் கீழே தெரிந்தது.

அப்பா விலகினார்.

தயங்கினார் என்றோ தடுமாறினார் என்றோ சொல்ல முடியாது. நன்றாக, சுத்தமாக, இரண்டு கால்களையும் சேர்த்துப் பின்னால் குதித்தார். கைகள் இரண்டும் நெஞ்சுக்கு மேலே போயின. உள்ளங்கைகள் என்னைப் பார்த்து விரிந்திருந்தன. பவுடர் பூசிய வெள்ளைக் கைகள். முகத்தில் பயம்கூட இல்லை. ஏதோ வேலையில் கவனமாக இருக்கிற முகம்.

மெத்தையின் ஓரத்தில் உடம்பும், வெளியே தரையில் இடது கையும் விழுந்தன. சத்தம் கேட்டது. அது என் கை என்று எனக்குத் தெரியவில்லை. நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை இன்னும் மேலேயே இருந்தன.

புதரிலிருந்து மாமா ஓடி வந்தார். நான் நழுவியதுமே ஓடத் தொடங்கியிருக்கிறார். அவ்வளவு தூரத்திலிருந்து பிடிக்கவே முடியாது என்று தெரிந்தும், இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்து, கல்லில் முட்டி தேய விழுந்து, என்னை அள்ளிக்கொண்டார்.

"ஐயோ கண்ணு... ஒண்ணும் இல்லடா, ஒண்ணும் இல்ல... அண்ணாத்தே, இன்னா நின்னுகினு கீற! துண்டக் குடு!"

அம்மா கத்தவில்லை. புளிச்சோறு ஒட்டிய கையோடு எழுந்து வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"ஏன் வெலகுனீங்க?"

அப்பா கைகளை இறக்கினார்.

"தெரியல."

அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு அம்மாவும் அதைக் கேட்கவில்லை, அப்பாவும் அதற்கு மேல் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தில் எலும்பு முறிந்தால் எல்லோரும் புத்தூர் கட்டுக்குத்தான் போவார்கள். லாரி ஒன்றை நிறுத்தி ஏறினோம். மெத்தை அங்கேயே கிடந்தது. யாருக்கும் அது நினைவில் இல்லை. கட்டுப் போடும் இடத்தில் பச்சிலையும் முட்டையும் கலந்த வாசனை. மூங்கில் சிம்புகளைத் தயாராக வைத்துக்கொண்டு, கட்டுப் போடுகிறவர் என் கையைத் தடவிப் பார்த்தார். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகச் சொன்னார்: "எலும்ப நேரா இழுக்கணும். பாப்பா துள்ளும். அப்பா வந்து கெட்டியா பிடிச்சுக்கோங்க."

அப்பா ஓர் அடி முன்னால் வந்தார்.

அம்மா குறுக்கே கையை நீட்டினாள். "நீங்க வேண்டாம்."

எலும்பை இழுத்த வலி எனக்கு மறந்துவிட்டது. அம்மா அதைச் சொன்ன குரல் மறக்கவில்லை. மாமாதான் என்னைப் பிடித்துக்கொண்டார். அப்பா வாசலில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கை நன்றாகவே ஒட்டியது. வீடுதான் ஒட்டவில்லை. சர்ச்சில் கேட்டவர்களிடமெல்லாம் "வழுக்கிட்டு" என்று மட்டும் அம்மா சொன்னாள். வெளியே அவரை விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே, எங்களை அவர் கையில் கொடுக்கவே இல்லை. ரயிலில் ஏறும்போது அப்பா பைகளைத் தூக்குவார், அம்மா எங்களைத் தூக்குவாள். தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவே சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடப்பாள். அப்பா பின்னால் குடை பிடித்துக்கொண்டு வருவார். எப்போதாவது வாய்ச்சண்டை வந்தால் அம்மாவிடம் ஒரே ஓர் ஆயுதம்தான்: "கேன்டீன்ல வடை போடுறவரு ஓடி வந்தாரு. பெத்தவரு பின்னால போனாரு."

நான் வேறொன்றை நம்பினேன். நான் பெண் என்பதால்தான் விலகினார், தம்பி விழுந்திருந்தால் பிடித்திருப்பார் என்று. யாரும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் அதை நம்பிக்கொண்டேதான் பள்ளிக்கூடம் முடித்தேன், பாலிடெக்னிக் முடித்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை கிடைத்தது. முதல் நாள், புதிதாகச் சேர்ந்த பெண்களைச் சூப்பர்வைசர் மெஷின் ஷாப்புக்குக் கூட்டிப்போனார். பேசிக்கொண்டே மேஜை ஓரத்தில் இருந்த பெரிய ஸ்பேனரை முழங்கையால் தட்டிவிட்டார். தெரிந்தேதான். நானும் இன்னொரு பெண்ணும் சட்டென்று குனிந்து கையை நீட்டினோம்.

"இன்னா பண்றீங்க!" என்று கத்தினார். "உங்க ஊட்டு டம்ளரா அது? இங்க எது வுழுந்தாலும் புடிக்கக் கூடாது. புடிக்கப் போனவன் வெரல்தான் போவும். கைய மேல தூக்கு, ரெண்டு காலையும் சேத்துப் பின்னால எகிறு. எங்க, செய்யி பாக்கலாம்."

நாங்கள் சிரித்துக்கொண்டே செய்தோம். அவர் சிரிக்கவில்லை. யோசித்துச் செய்தால் பிரயோஜனம் இல்லை, யோசிக்காமலே வர வேண்டும் என்று சொல்லி, ஸ்பேனரைத் திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டார். எங்கள் எதிரே கண்ணாடித் தடுப்பு ஒன்று இருந்தது. அதில் என் உருவம் தெரிந்தது. கைகள் நெஞ்சுக்கு மேலே, உள்ளங்கைகள் வெளியே விரிந்து. முகத்தில் பயம் இல்லை. கவனம் மட்டும்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா, மயக்கமா? துன்னுட்டு வரலியா?"

இல்லை என்று தலையாட்டினேன். எண்ணிக் குதித்தபோதெல்லாம் பிடித்த கைகள், எண்ணாமல் விழுந்தபோது ஏன் போயின என்பது அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. அப்பா அந்த ஷாப்பில் எத்தனை வருடம்! நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தக் கைகளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயில் வந்தது வேறு.

"அப்பா, ஒங்க ஷாப்புல ஏதாச்சும் கீழ விழுந்தா என்ன செய்வீங்க?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அத எதுக்குட்டி இப்ப கேக்க?"

"சும்மாதான்."

அவர் குழாயை மூடினார். "வெலகிருவோம்" என்றார். துண்டை எடுக்காமல், ஈரக் கையோடு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

அவருக்குத் தெரியும்! எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. "தெரியல" என்று அம்மாவிடம் சொன்ன அன்றே தெரியுமா, பிறகு ஏதோ ஓர் இரவு ஷிஃப்டில் தெரிந்ததா? தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை? பிள்ளைக்கும் இரும்புக்கும் வித்தியாசம் தெரியாத கைகள் என்று சொல்வதைவிட, அன்பில்லாதவன் என்ற பேரே பரவாயில்லை என்று நினைத்தாரா? அம்மா வெளியே வந்து, "சாப்பிட வா" என்றாள். நாங்கள் பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

எனக்குத் திருமணமாகி இப்போது காட்டுப்பாக்கத்தில் இருக்கிறோம். கணவர் பூந்தமல்லியில் பள்ளிக்கூட ஆசிரியர். மகளுக்கு ஐந்து வயது. அவளை அப்பா ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நீட்டியபோது, "பஸ்ல வந்த கை, கழுவிட்டு வாரேன்" என்று போனவர் மாலை வரைக்கும் திரும்பவில்லை. ரிடையர் ஆன பிறகு வாரம் ஒருநாள் வருகிறார். பேத்தியோடு தரையில் உட்கார்ந்து கதை பேசுவார். அவள் மடியில் ஏற வந்தால் எழுந்துகொள்வார்.

மகள் எதைப் பார்த்தாலும் ஏறுகிறாள். ஜன்னல் கம்பி, பீரோ, கேட். நான் ஒவ்வொரு தடவையும் அடுப்பை விட்டு ஓடுகிறேன். என் கணவர் என்னைக் கேலி செய்கிறார். ஏறுகிற பிள்ளையை ஏற விட வேண்டும் என்கிறார். அவருக்கு என் கை முறிந்தது தெரியும், மற்றது தெரியாது. நான் பேச்சுவாக்கில் சொன்ன அந்தப் பாறைக்கே அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோரும் போவது என்று ஏற்பாடு செய்துவிட்டார். மகளுக்கு இரண்டு வாரமாக அதே பேச்சு.

போன வாரம் அப்பா வந்திருந்தார். நான் துணி காயப்போடப் பின்பக்கம் போயிருந்தேன். திரும்பி வந்து கூடத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மகள் ஜன்னல் கம்பியின் உச்சியில் இருந்தாள். ஒரு கையால் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். அப்பா அவளுக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் முழுதாக நீட்டி, உள்ளங்கைகள் மேல் நோக்கி. எவ்வளவு நேரமாக அப்படி நின்றாரோ, தோள்வரைக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தாத்தா, கை வலிக்கலியா? கீழ போட்டுக்கோ. நான் குதிக்கும்போது சொல்றேன்."

"நீ பாடு மக்களே."

நான் ஓடிப்போய் அவளை இறக்கினேன். அப்பா கைகளை மடக்க முடியாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏம்ப்பா, இவ்வளவு நேரம் நீட்டிக்கிட்டே நிக்கணுமா? அவ விழுந்தா அப்ப நீட்டுனாப் போதாதா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "எறக்கிட்டா, பெறவு நீட்ட வருமான்னு தெரியலட்டி" என்றார்.

பத்தொன்பது வருடத்தில் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

இப்போது என் மகள், பாறைக்குக் கீழே தாத்தாதான் நிற்க வேண்டும் என்கிறாள். "அவரு நின்னா நான் வரல" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா, "நான் பையப் பாத்துக்கிடுதேன், மாப்பிள்ள நிக்கட்டும்" என்கிறார். என் கணவர் ஷாப் வாசலையே மிதிக்காதவர். விழுந்தால் பிடித்துவிடுவார் என்றுதான் புத்தி சொல்கிறது. நானே நிற்கலாம் என்றால், அம்பத்தூரில் இரண்டு வருடம் பழகிய என் கைகள் மேல் எனக்கே நிச்சயமில்லை. அப்பாவையும் கணவரையும் சேர்த்து நிறுத்தலாமே என்பீர்கள். பக்கத்தில் இன்னொருவர் நின்றால் அப்பா தானாகவே ஒதுங்கிக்கொள்வார். எனக்கு அவரைத் தெரியும்.

அவரை நிறுத்தாமல் போனால், அம்மா புத்தூரில் சொன்னதை நானும் சொன்னதாகிவிடும். நிறுத்திய பிறகு அந்தக் கைகள் மறுபடியும் மேலே போனால், விழப்போவது நான் இல்லை, என் பிள்ளை.

பிள்ளை வளர்க்கிறவர்கள் நீங்கள். என் இடத்தில் இருந்தால் பாறைக்குக் கீழே யாரை நிறுத்துவீர்கள்? எழுதுங்கள். அடுத்த மாதத்துக்குள் எழுதுங்கள்.